பெரிய கூடா, சிறிய கூடா? கவ்பாய் ஆக்‌ஷன் ஷூட்டிங்குக்குத் தோட்டாவும் ரீலோடிங் பிரஸும் தேர்ந்தெடுப்பது

கவ்பாய் ஆக்‌ஷன் ஷூட்டிங், அதாவது 19-ஆம் நூற்றாண்டு பாணித் துப்பாக்கிகளால் சுடும் போட்டியில், புதிதாக இறங்குபவர்கள் பெரும்பாலும் துப்பாக்கியை முதலில் வாங்கிவிடுகிறார்கள். எந்தத் தோட்டா என்பது துப்பாக்கியோடு தானாக வந்துவிடுகிறது. சுட்ட கூட்டை வீட்டிலேயே மறுபடி நிரப்பும் ரீலோடிங்குக்கான பிரஸ் என்ற கைப்பிடி இயந்திரத்தைப் பற்றி நினைப்பது கடைசியில்தான். இந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும். இந்த விளையாட்டில் சுடப்படுவது வலுக் குறைந்த தோட்டா. அந்தச் சிறிய அளவு வெடிமருந்து எவ்வளவு பெரிய பித்தளைக் கூட்டுக்குள் கிடக்கிறது என்பதுதான் செலவு, துல்லியம், துப்பாக்கிக்குள் சேரும் கரி, மேசையில் நேரக்கூடிய விபத்து எல்லாவற்றையும் முடிவு செய்கிறது. ஆகவே கூட்டை முதலில் தேர்ந்தெடுங்கள். அதற்கேற்ற பிரஸ் அடுத்து. துப்பாக்கி மூன்றாவது.

ஒப்பிடும் முன் விதிகளைப் பார்த்துவிடுவோம். 1987-இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட எஸ்.ஏ.எஸ்.எஸ். என்கிற சிங்கிள் ஆக்‌ஷன் ஷூட்டிங் சொசைட்டிதான் இந்த விளையாட்டின் விதிகளை வகுக்கிறது. ஒவ்வொருவரும் 19-ஆம் நூற்றாண்டு உடை, ஒரு புனைபெயர், நான்கு துப்பாக்கிகளோடு வர வேண்டும்: இரண்டு சிங்கிள் ஆக்‌ஷன் ரிவால்வர் (ஒவ்வொரு முறையும் சுத்தியலைக் கையால் இழுத்துச் சுடுவது), கைத்துப்பாக்கித் தோட்டாவைச் சுடும் லீவர் ரைபிள் ஒன்று, ஷாட்கன் ஒன்று. ரிவால்வரில் ஆறு அறை இருந்தாலும் ஐந்துதான் நிரப்ப வேண்டும். காலியான அறைமேல்தான் சுத்தியல் இறங்கியிருக்க வேண்டும். ஒரு சுற்றில் வழக்கமாக ரிவால்வருக்கு 10, ரைபிளுக்கு 10, ஷாட்கனுக்கு 4 அல்லது கூடுதல். இலக்குகள் எஃகுத் தகடுகள், அதுவும் மிக அருகில். ரிவால்வர் இலக்கு 7 முதல் 10 கெஜத்திலேயே நிற்கும். அதனால்தான் செம்பு உறையிட்ட குண்டுக்குத் தடை. ஈயம் எஃகில் பட்டதும் தட்டையாகிச் சிதறி விழும். செம்பு உறை கிழிந்து கத்திபோல் சுடுபவரை நோக்கியே திரும்பிப் பறக்கும். ஈயத்தின்மேல் பாலிமர் பூச்சு இருக்கலாம், அதற்கு அனுமதி உண்டு.

வேகத்துக்கும் எல்லை வைத்திருக்கிறார்கள். ரிவால்வருக்கு நொடிக்கு 1000 அடி, ரைபிளுக்கு 1400 அடி, அதற்குமேல் கூடாது. எந்தத் தோட்டாவும் நொடிக்கு 400 அடிக்குக் கீழே போகக்கூடாது. குண்டின் எடையைக் கிரெய்ன் என்ற சிறு எடை அலகில் எடுத்து, வேகத்தால் பெருக்கி, 1000-ஆல் வகுத்தால் வருவது பவர் ஃபேக்டர். அது 60-க்குக் குறையக்கூடாது. 105 கிரெய்ன் குண்டு 600 அடி வேகத்தில் போனால் 63, தேறிவிடும். 95 கிரெய்ன் அதே வேகத்தில் 57, தேறாது. கையில் உணரும் பின்னுதைக்கும் இந்த எண் ஓரளவு அளவுகோல்தான். 200 கிரெய்ன் குண்டு 600 அடியில் போனால் 120 வரும். இப்படிக் கனமான குண்டுள்ள .45 தோட்டா சுடுபவருக்கும் இலகுவான .38 தோட்டா சுடுபவருக்கும் கையில் உள்ள வித்தியாசம் ஏறக்குறைய இரு மடங்கு என்பது இதிலிருந்தே தெரியும். ஒரு இலக்கைத் தவறவிட்டால் 5 நொடி கூடும். அடுத்த தகட்டுக்குத் துப்பாக்கி எவ்வளவு சீக்கிரம் திரும்புகிறது என்பதில்தான் போட்டி இருக்கிறது.

எத்தனை தோட்டா வேண்டியிருக்கும்? மாதம் இரண்டு போட்டி, போட்டிக்கு ஆறு சுற்று, சுற்றுக்கு 20 தோட்டா என்றால் ஆண்டுக்கு 2880. மாதம் 150 பயிற்சிக்கு என்று சேர்த்தால் 4680. ஷாட்கன் தோட்டா இதில் சேரவில்லை. கடையில் வாங்கினால் .38 பரவாயில்லை, ‘கவ்பாய் லோடு’ என்று விற்கும் .45, .44-40 பெட்டிகள் விலையில் கடிக்கும். இவ்வளவு சுடுபவர் சொந்தமாக நிரப்பாமல் நீடிப்பது கடினம்.

மூன்று கூடுகள்

.38 ஸ்பெஷல், .44-40, .45 கோல்ட் என்று மூன்றையே எடுத்துக்கொள்கிறேன். .32-20, .38-40 இரண்டுக்கும் ரசிகர்கள் உண்டு. ஆனால் முதன்முதலில் ரீலோடிங் பழகுபவருக்கு அவற்றின் மெல்லிய பித்தளையும் கூடு கிடைக்காத அவதியும் வேண்டாம்.

.45 கோல்ட்டில்தான் பலருக்கும் ஆசை. 1873-இல் கோல்ட் சிங்கிள் ஆக்‌ஷன் ஆர்மி ரிவால்வரோடு வந்த தோட்டா அது. அந்தக் காலத்தின் அடையாளமே அதுதான். கூட்டின் நீளம் 1.285 அங்குலம். 40 கிரெய்ன் கருமருந்து கொள்ள வேண்டும் என்பதற்காக அவ்வளவு பெரிதாகச் செய்தார்கள். இன்றைய புகையில்லா மருந்துகள் பலவற்றில் அந்தக் கூட்டின் கால்பங்குகூட நிரம்புவதில்லை. கேடுகள் இங்கிருந்துதான் தொடங்குகின்றன. மருந்து கூட்டுக்குள் அங்குமிங்கும் ஓடும். ரிவால்வரைக் கீழ்நோக்கிப் பிடித்து உயர்த்தினால் குண்டுப் பக்கம் சாய்ந்துவிடும், மேலிருந்து இறக்கினால் கூட்டின் அடியில் தீப்பொறி தரும் பிரைமர் பக்கம் சேரும். இரண்டுக்கும் வேகம் மாறும். அதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. இரட்டை மருந்து விழுந்தாலும் கூடு வழியாது. சில அடர்ந்த மருந்துகளில் மூன்று மடங்கு விழுந்தாலும் குண்டு சாதாரணமாகவே அமர்ந்துகொள்ளும். கண்ணால் பார்க்காவிட்டால் தெரியாது.

இன்னொரு குறை ரைபிளில் தெரியும். .45 கூட்டின் வாய்ப்பகுதிப் பித்தளை தடிமனானது. வெடிக்கும்போது கூடு விரிந்து அறைச்சுவரோடு ஒட்டி வாயுவை அடைக்க வேண்டும். வலுக் குறைந்த தோட்டாவில் அழுத்தம் போதாமல் அது விரிவதில்லை. வாயு பின்பக்கமாகக் கசியும், கூட்டின் ஒரு பக்கம் முழுக்கக் கரி படிந்து வெளிவரும், வின்செஸ்டர் 1873 ரைபிளில் தோட்டாவைத் தூக்கிக் கொடுக்கும் கேரியர் பிசுபிசுத்துப் போகும். இதற்கு மருந்தைக் கூட்டுவது வழியல்ல. 250 கிரெய்ன் போன்ற கனமான குண்டு, வேகமாக எரியும் மருந்து, கூட்டின் வாயை உள்நோக்கி மடிக்கும் உறுதியான கிரிம்ப் மூன்றும் சேர்ந்தால் அடைப்பு சீராகும். சிலர் கூட்டின் வாயை மட்டும் சூடாக்கிப் பதப்படுத்துகிறார்கள். பலன் உண்டு, ஆனால் அடிப்பாகம் சூடேறினால் கூடே பலவீனமாகிவிடும் என்பதால் புதியவருக்கு அதைச் சொல்லமாட்டேன். .45 தான் வேண்டும், கரி வேண்டாம் என்பவர்களுக்கு ஒரு குறுக்குவழி இருக்கிறது: கவ்பாய் 45 ஸ்பெஷல். .45 கோல்ட்டின் விளிம்பும் .45 ஏ.சி.பி. என்ற பிஸ்டல் தோட்டா அளவு நீளமும் கொண்ட குட்டைக் கூடு அது. ரிவால்வரில் அப்படியே சுடலாம். ரைபிளுக்குக் கேரியரை மாற்ற வேண்டியிருக்கும்.

.44-40, வின்செஸ்டர் 1873 ரைபிளுக்கென்றே பிறந்தது. வாய் மெல்லியது, கழுத்து சற்றே ஒடுங்கியது. அழுத்தம் குறைவாக இருந்தாலும் அறையை நன்றாக அடைத்துவிடும். நாள் முழுவதும் சுட்டபின் ரைபிளைப் பிரித்துப் பார்த்தால் .45-க்கும் இதற்கும் உள்ள வேறுபாடு கையிலேயே தெரியும். கருமருந்தில் சுடுபவர்கள் இதை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது இதற்காகத்தான். ஆனால் அதே மெல்லிய வாய்தான் ரீலோடிங் மேசையில் தொல்லை கொடுக்கும். டை என்ற உருவமைக்கும் அச்சுக்குள் கூடு ஒரு மயிரிழை சாய்ந்து நுழைந்தாலும் வாய் மடிந்துவிடும். கழுத்து ஒடுங்கியிருப்பதால் நேர்ச்சுவர்த் தோட்டாக்களுக்குக் கிடைக்கும், எண்ணெய் தேவைப்படாத கார்பைடு டையின் வசதி இதற்கு இல்லை. ஒவ்வொரு கூட்டுக்கும் எண்ணெய் தடவ வேண்டும், பிறகு துடைக்க வேண்டும். குண்டின் விட்டமும் தலைவலி. பழைய துப்பாக்கிகளுக்கு 0.427 அங்குலம். இன்றைய இத்தாலிய நகல்களில் பல 0.429 குழலோடு வருகின்றன. குழலை அளக்காமல் குண்டு வாங்கக் கூடாது.

.38 ஸ்பெஷலை ‘கவ்பாய் காலத்துத் தோட்டாவே இல்லை’ என்று சிலர் ஒதுக்குவதுண்டு. 1898-இல் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் கொண்டுவந்தது அது, நூற்றாண்டு முடியும் நேரம். ஆனால் மேசையில் உட்கார்ந்து பார்த்தால் இதற்கு நிகரில்லை. கூட்டின் நீளம் 1.155 அங்குலம்; .45-ஐவிட விட்டமும் மிகச் சிறிது. அதே அளவு மருந்து இங்கே நன்றாகக் கண்ணுக்குத் தெரியும். பருமனான மருந்தைத் தேர்ந்தெடுத்தால் இரட்டை விழுந்தவுடன் கூடு வழிந்தே காட்டிக்கொடுக்கும். கார்பைடு டை கிடைக்கும். சுட்ட கூடு சுடுதளத்தின் தரையிலேயே கிடைக்கும், விலையும் குறைவு. ஒரு பவுண்டு என்பது 7000 கிரெய்ன். 105 கிரெய்ன் குண்டு என்றால் ஒரு பவுண்டு ஈயத்தில் 66 வரும், 200 கிரெய்ன் என்றால் 35 தான். மருந்திலும் அப்படியே. கணக்குக்காக மட்டும் தோட்டாவுக்கு 4 கிரெய்ன் என்று வைத்தால் ஒரு பவுண்டில் 1750 தோட்டா, 6 கிரெய்ன் என்றால் 1166. இவை பெருக்கல் வகுத்தலுக்கு எடுத்த எண்கள். உங்கள் தோட்டாவுக்கான அளவை மருந்து தயாரிப்பாளரின் தற்போதைய அட்டவணையில் மட்டும் பாருங்கள், அவர்கள் சொல்லும் தொடக்க அளவிலிருந்து தொடங்குங்கள்.

.38-இலும் குறை உண்டு. அதே விட்டத்தில் சற்று நீளமான .357 மேக்னம் தோட்டாவுக்கான அறையுள்ள ரைபிளில் .38 சுட்டால், குட்டைக் கூட்டின் முன்னால் அறைக்குள் ஒரு கரி வளையம் படியும். அதைச் சுரண்டாமல் பிறகு .357 போட்டால் சிக்கும். சிலர் இதைத் தவிர்க்க .357 கூட்டிலேயே வலுக் குறைந்த மருந்து போடுகிறார்கள். கூடு பெரிதாவதால் நாம் தப்பித்து வந்த சிக்கலையே கொஞ்சம் திரும்ப அழைப்பதாகும், இருந்தாலும் அளவோடு செய்யலாம்.

இன்னொன்று தோட்டாவின் மொத்த நீளம். 1873 ரைபிளில் கேரியர் என்கிற பித்தளைக் கட்டை ஒரு தோட்டாவைத் தூக்கிக் கொடுக்கும். தோட்டா குட்டையாக இருந்தால் குழாய்ப் பெட்டகத்தில் இருக்கும் அடுத்த தோட்டாவின் விளிம்பு கேரியருக்குள் நுழைந்து லீவர் உறைந்துவிடும். நீளமாக இருந்தால் கேரியர் ஏறவே ஏறாது. .38-க்கு 1.45 அங்குலத்துக்குக் குறையாமல் தொடங்கி, உங்கள் ரைபிளில் பத்துப் போலித் தோட்டாக்களை ஓட்டிப் பார்த்து நீளத்தைத் தீர்மானியுங்கள். போலித் தோட்டா என்றால் மருந்தும் பிரைமரும் இல்லாதது. 105 கிரெய்ன் போன்ற குட்டைக் குண்டுகள் பெரும்பாலும் தடுமாறுவது இந்த இடத்தில்தான். அதனால் முதல் ஆண்டு 125 கிரெய்ன் குண்டோடு இருப்பது நல்லது. எந்தக் கூடாக இருந்தாலும் குண்டின் மூக்கு தட்டையாக இருக்க வேண்டும். குழாய்ப் பெட்டகத்தில் ஒரு குண்டின் நுனி முன்னால் இருக்கும் தோட்டாவின் பிரைமரைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது. கூர்மூக்கு என்றால் உதையில் அது வெடிமுனையாகிவிடும்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் இரண்டு ரிவால்வரும் ரைபிளும் ஒரே தோட்டாவாக இருக்கட்டும். .44-40-யும் .45-உம் பார்வைக்கு அண்ணன் தம்பி மாதிரி. இரண்டையும் வைத்திருப்பவர் இடுப்புவாரில் ஒன்று கலந்தாலும் சுற்றின் நடுவே துப்பாக்கி பூட்டிக்கொள்ளும். பிரஸிலும் ஒரே அமைப்பு, ஒரே பிரைமர் அளவு என்று நிம்மதியாக இருக்கலாம். .38-க்குச் சிறிய பிஸ்டல் பிரைமர், .44-40-க்கும் .45 கோல்ட்டுக்கும் பெரியது.

கருமருந்துப் பிரிவில் சுட வேண்டும் என்று மனம் இருந்தால் கணக்கே மாறிவிடும். கருமருந்தில் கூட்டுக்குள் காற்றுவெளி இருக்கக்கூடாது. குண்டு அமரும்போது மருந்து லேசாக அழுந்த வேண்டும். பெரிய கூடு அங்கே குறையாக இருப்பதில்லை. இரட்டை மருந்து என்ற பேச்சுக்கே இடமில்லை, இடம் நிரம்பிவிடுகிறது. ஆனால் 35 கிரெய்ன் போட்டால் ஒரு பவுண்டுக்கு 200 தோட்டாதான். குண்டுக்குப் பெட்ரோலியம் கலந்த மசகு ஆகாது, தார்போல் இறுகும். தேன்மெழுகும் விலங்குக் கொழுப்பும் கலந்த மென்மசகு வேண்டும். சுட்ட கூட்டை அன்றே சோப்புத் தண்ணீரில் போட வேண்டும். சாதாரண மருந்து அளவியில் கருமருந்தை ஊற்றாதீர்கள், அதற்கென்றே செய்த அளவி உண்டு. இந்தப் பிரிவுக்கு என் தேர்வு தயக்கமில்லாமல் .44-40.

பிரஸ்: ஒன்று, நான்கு, அல்லது தானாகச் சுழல்வது

ஒரு தோட்டா நிரப்புவதில் படிகள் இவை: பழைய பிரைமரைத் தள்ளிக் கூட்டை அளவுக்குச் சுருக்குவது, புதுப் பிரைமர் பதிப்பது, கூட்டின் வாயை லேசாக மலர்த்துவது, மருந்து போடுவது, குண்டை அமர்த்துவது, வாயை உள்நோக்கி மடித்துக் கிரிம்ப் செய்வது. பிரஸ்கள் வேறுபடுவது இவற்றை எப்படி வரிசைப்படுத்துகின்றன என்பதில்தான்.

ஒற்றை நிலை பிரஸ், ஆர்.சி.பி.எஸ். ராக் சக்கர் போன்றது, ஒரே ஒரு டையைத் தாங்கும். 50 கூட்டை ஒரு படி முடித்து மரத்தட்டில் அடுக்கி, டையை மாற்றி அடுத்த படிக்குப் போக வேண்டும். மணிக்கு 75 தோட்டா என்பது நியாயமான எதிர்பார்ப்பு. ஆண்டுக்கு 4680 என்றால் 62 மணி நேரம். ஆனால் இதற்கு ஒரு பெரிய குணம் உண்டு: மருந்து போட்ட 50 கூடுகளும் தட்டில் வரிசையாக நிற்கும். விளக்கைப் பிடித்துக் குனிந்து பார்த்தால் ஒன்று மட்டும் உயர்ந்தோ தாழ்ந்தோ இருப்பது கண்ணில் அடிக்கும். .45 கோல்ட் நிரப்பும் புதியவருக்கு இதைவிடப் பாதுகாப்பான முறை இல்லை.

டரட் பிரஸில், லீ கிளாசிக் டரட்டை எடுத்துக்கொள்ளுங்கள், நான்கு டையும் தலையில் இருக்கும். கைப்பிடியை ஒவ்வொரு முறை இழுக்கும்போதும் தலை சுழலும். ஒரே கூடு நான்கு இழுப்பில் முழுத் தோட்டாவாகும். மணிக்கு 150 போல வரும், அதே 4680-க்கு 31 மணி. கூடு கண்முன்னாலேயே இருப்பதால் மருந்து விழுந்தவுடன் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுக் குண்டை வைக்கலாம். ஒரே ஒரு தோட்டாவின்மேல் மட்டும் கவனம் என்பதால் எது எந்தப் படியில் இருக்கிறது என்ற குழப்பம் வராது. விலையும் தாங்கும். மாதம் ஒரு போட்டியோடு நிற்பவருக்கு இதற்குமேல் தேவையில்லை.

புரொகிரசிவ் பிரஸில் ஒவ்வொரு நிலையிலும் ஒரு கூடு இருக்கும், ஒரு இழுப்புக்கு ஒரு தோட்டா விழும். இதில் இரண்டு வகை. டில்லன் 550-இல் நான்கு நிலை. கூடுகள் நிற்கும் தட்டைக் கையால் சுழற்ற வேண்டும். டில்லன் 750, ஹார்னடி லாக்-என்-லோடு இரண்டிலும் ஐந்து நிலை. தட்டு தானாகச் சுழலும். 550-இல் நிதானமாக மணிக்கு 400 செய்யலாம். ஆண்டுத் தேவை 12 மணியில் முடிந்துவிடும்.

எது பாதுகாப்பு? கையால் சுழற்றும் வகையில், இடையில் ஏதோ சிக்கி நிறுத்திவிட்டுத் திரும்பும்போது தட்டைச் சுழற்றினோமா என்று மறந்தால் அதே கூட்டில் இரண்டாவது முறை மருந்து விழும். தானாகச் சுழலும் வகையில் அந்தத் தவறு அரிது. ஆனால் சிக்கல் வந்து கைப்பிடி பாதியில் நின்றால், எந்தக் கூட்டில் மருந்து விழுந்தது, எதில் விழவில்லை என்பது மங்கிவிடும். அங்கே வெற்றுத் தோட்டா பிறக்கும். இரண்டுக்கும் தீர்வு ஒன்றுதான்: சிக்கியவுடன் தட்டில் உள்ள எல்லாக் கூடுகளையும் எடுத்துவிடுங்கள், மருந்துள்ளதைக் கொட்டுங்கள், தொடக்கத்திலிருந்து ஆரம்பியுங்கள். ‘இது போட்டதாகத்தான் நினைக்கிறேன்’ என்ற நினைப்புக்கு இந்த மேசையில் இடம் கொடுக்காதீர்கள். ஐந்து நிலை உள்ள பிரஸில் ஒரு நிலையை மருந்து அளவைச் சரிபார்க்கும் டைக்கு ஒதுக்கலாம், ஆர்.சி.பி.எஸ். லாக்-அவுட் டை மருந்து கூடினாலோ குறைந்தாலோ கைப்பிடியையே நிறுத்திவிடும். .45 கோல்ட் புரொகிரசிவில் நிரப்புபவருக்கு இதை நான் கட்டாயம் என்பேன். .38-க்கு நான்கு நிலையும், கூட்டுக்குள் நேராக விழும் ஒரு சிறு எல்.இ.டி. விளக்கும், ஒவ்வொன்றையும் பார்க்கும் பழக்கமும் போதும்.

ஆக, மாதம் இரண்டு போட்டி சுடும் .38-காரருக்கு என் தேர்வு 550 வகை. முதல் 500 தோட்டாவை அதிலேயே ஒற்றை நிலைபோல, ஒரு நேரம் ஒரு கூடு மட்டும் வைத்து நிரப்பட்டும். படிகள் கையில் பதிந்தபின் தட்டை முழுக்க நிரப்பட்டும். தொடக்கத்திலேயே தானியங்கிக் கூடு ஊட்டியெல்லாம் பூட்டிக்கொண்டு உட்காருபவர்கள் பாதி நேரம் ஊட்டியைத்தான் சரி செய்துகொண்டிருப்பார்கள்.

வலுக் குறைந்த தோட்டா கெடும் இடங்கள்

இங்கே ஓவர்லோடைவிட அதிகம் நடப்பது ஸ்குவிப். மருந்து இல்லாமலோ மிகக் குறைந்தோ போன தோட்டா, பிரைமரின் விசையில் மட்டும் குண்டைக் குழலுக்குள் தள்ளி நிறுத்திவிடும். ‘டப்’ என்ற சப்தம் வராமல் ‘பொத்’ என்று வரும். கடிகாரம் ஓடுகிறதே என்று அடுத்ததைச் சுட்டால் குழல் பிதுங்கும், கிழியவும் கூடும். சந்தேகம் வந்தால் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட வேண்டும். போன நொடிகள் போகட்டும். மருந்துப் பெட்டியில் தூள் பாலம்போல் கட்டிக்கொண்டு கீழே இறங்காதது ஒரு காரணம், பெட்டி காலியானதைக் கவனிக்காதது இன்னொன்று.

ரிவால்வரில் ஒழுங்காகச் சுடும் மிக மெல்லிய தோட்டா ரைபிளில் ஸ்குவிப் ஆகலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. 20, 24 அங்குலக் குழலில் சிறிதளவு மருந்தின் வாயு சீக்கிரமே வலுவிழந்துவிடும், மீதித் தூரம் முழுக்க உராய்வுதான். பவர் ஃபேக்டர் 60-ஐ ஒட்டிப் போய்ப் பார்க்க ஆசைப்படுபவர்கள் ரைபிளில், குண்டின் வேகத்தைக் காட்டும் கிரோனோகிராஃப் கருவி வைத்து அளக்காமல் அங்கே போகக் கூடாது.

கிரிம்பை அலட்சியம் செய்யாதீர்கள். வலுக் குறைந்த மருந்து ஒரே சீராக எரிவதற்கு, தொடக்கத்தில் குண்டை ஒரு கணம் பிடித்துவைக்கும் தடை வேண்டும். குண்டின் பள்ளத்துக்குள் கூட்டின் விளிம்பு உருண்டு இறங்க வேண்டும். ரைபிளின் குழாயில் சுருள்வில்லின் அழுத்தத்தில் குண்டு உள்ளே போகாமலிருக்கவும் இதுதான் காவல். கிரிம்ப் அதிகமானால் கூடு பிதுங்கி அறைக்குள் நுழையாது. அமர்த்துவதையும் கிரிம்பையும் ஒரே டையில் செய்யலாம், ஆனால் தனித்தனியாகச் செய்தால் ஈயம் சீவப்படுவது குறையும். வாயை மலர்த்தும் அளவு, குண்டின் அடிப்பாகம் விரலால் வைத்தால் நிற்கும் அளவு மட்டும். கூடினால் பித்தளை சீக்கிரம் விரிசல் விடும். குறைந்தால் ஈயச் சீவல் கூட்டு வாயில் வளையமாகத் தங்கும்.

பிரைமர் கூட்டின் அடிமட்டத்துக்குச் சற்றுக் கீழே, 0.003 முதல் 0.005 அங்குலம் உள்ளே இருக்க வேண்டும். விரலால் தடவினாலே மேடு தெரியும். மேடாக இருந்தால் ரிவால்வரின் சிலிண்டர் உரசி நிற்கும்; சுத்தியலின் முதல் அடி பிரைமரை அமர்த்துவதிலேயே வீணாகி வெடிக்காமலும் போகும். இந்த விளையாட்டில் பலர் சுத்தியல் சுருளை இலகுவாக்கி வைத்திருப்பதால் ஃபெடரல் பிரைமர் விரும்பப்படுகிறது, மென்மையானது. சி.சி.ஐ. பிரைமர் சற்று கடினம். இலகுவான சுருளோடு அது சேராது.

கடினமான ஈயம் நல்லது என்ற எண்ணமும் தவறு. 600, 700 அடி வேகத்தில் கடின ஈயம் விரிந்து குழலை அடைக்காது. வாயு பக்கவாட்டில் கசிந்து ஈயத்தைக் குழலில் பூசிவிடும். மென்மையான ஈயம், சரியான விட்டம்: .38-க்கு 0.358, இன்றைய .45-க்கு 0.452. பூச்சு உள்ள குண்டில் புகையும் கைகறையும் குறைவு.

கைகறை என்று சொன்னதால்: ஈயம் உடம்புக்குள் போவது குண்டைத் தொடுவதைவிடக் கூடு சுத்தம் செய்யும் தூசியால்தான் அதிகம். பிரைமரின் எச்சத்தில் ஈயம் உண்டு. உலர்ந்த துருவலில் சுழற்றிவிட்டு வீட்டுக்குள் சலித்தால் அந்தத் தூசி குழந்தைகள் தவழும் தரைக்கு வரும். தண்ணீரில் சுழற்றும் இயந்திரம் வாங்குங்கள். மேசையில் சாப்பாடு, தேநீர் கூடாது. எழுந்தவுடன் சோப்பால் கை கழுவுங்கள். பிரைமர் கையாளும்போது கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். மேசையில் ஒரு நேரத்தில் ஒரே ஒரு மருந்து டப்பா. பெட்டியில் மிஞ்சியது எந்த மருந்து என்ற ஐயம் வந்தால் அது குப்பைதான், திரும்ப டப்பாவுக்குள் போகக்கூடாது.

ஷாட்கன் தோட்டாவை நிரப்பலாமா?

முதல் இரண்டு ஆண்டு வேண்டாம். 25 பவுண்டு ஈயச்சிதறல் மூட்டையில் 400 அவுன்ஸ். 7/8 அவுன்ஸ் வீதம் 457 தோட்டா வரும். மூட்டை, வாட் (மருந்துக்கும் சிதறலுக்கும் இடையே வைக்கும் அடைப்பு), பிரைமர், மருந்து எல்லாம் சேர்த்தால் கடையில் விற்கும் மென்தோட்டாவுக்கும் இதற்கும் மிச்சம் சொற்பம். தவிர ஷாட்கனில் கூடு, வாட், பிரைமர், மருந்து நான்கும் அட்டவணையில் உள்ளபடியே இருக்க வேண்டும். ஒன்றை மாற்றினாலும் அழுத்தம் எங்கோ போய்விடும். பின்னுதைக்கு அஞ்சும் சிறுவர்களுக்கோ தோள்வலி உள்ளவர்களுக்கோ மிக மெல்லிய தோட்டா வேண்டும் என்றால் மெக் 600 ஜூனியர் போன்ற கையியக்கப் பிரஸ் நல்ல முதலீடு. வாங்கும்போது கூட்டைக் கவனியுங்கள்: வின்செஸ்டர் ஏஏ, ரெமிங்டன் எஸ்டிஎஸ் போன்ற வழவழப்பான கூடுகள் இரட்டைக் குழலிலிருந்து ஒரு உதறலில் விழும். வரிவரியாக இருக்கும் கூடு ஒட்டிக்கொண்டு நொடிகளைத் தின்னும். சிதறல் 4-ஆம் எண் அல்லது அதைவிடச் சிறியதாக இருக்க வேண்டும் என்பது விதி.

வாங்கும் முன் சட்டம்

அமெரிக்காவில் சொந்த உபயோகத்துக்கு நிரப்ப மத்திய உரிமம் தேவையில்லை, விற்றால் தேவை. ஆனால் எச்-1பி, எஃப்-1 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள், வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகளைத் தவிர, துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்க மத்தியச் சட்டம் தடை செய்கிறது. அந்தச் சட்டத்தில் தோட்டா என்பதற்குள் வெற்றுக்கூடு, பிரைமர், குண்டு, மருந்து எல்லாமே அடங்கும். டெக்சாஸிலோ அரிசோனாவிலோ நண்பரின் மேசையில் ஆர்வமாக உட்காரும் நம்மவர்கள் முதலில் வழக்கறிஞரிடம் கேட்டுவிட வேண்டும். கிரீன் கார்டு உள்ளவர்களுக்கு இந்தத் தடை இல்லை. ஊருக்குத் திரும்பும்போது பிரஸைப் பெட்டியில் போட்டுக்கொண்டு போகும் எண்ணமும் வேண்டாம்: இந்தியாவின் 1959 ஆயுதச் சட்டத்தில் தோட்டா என்ற சொல்லுக்குள் அதன் பாகங்களும் அதைச் செய்யும் இயந்திரமும் வருகின்றன.

பிரஸ் வந்து இறங்கியதும் 50 தோட்டாவோடு நிறுத்துங்கள். ஐந்தாவது, பத்தாவது என்று ஒவ்வோர் ஐந்தாவது கூட்டின் மருந்தையும் தராசில் கொட்டி எடை பாருங்கள், அதற்கு முன் சோதனை எடைக்கல்லை வைத்துத் தராசையே சரிபாருங்கள். எல்லாத் தோட்டாவையும் அறை அளவுகோலுக்குள் போட்டு எடுங்கள். அளவுகோல் இல்லையென்றால் ரிவால்வரின் சிலிண்டரைக் கழற்றி அதிலேயே போட்டுப் பார்க்கலாம். பத்தை ரிவால்வரில், பத்தை ரைபிளில் கிரோனோகிராஃப் முன்னால் சுடுங்கள், ஒவ்வொரு சுடுதலுக்குப் பிறகும் தகட்டில் அடி விழுந்ததா என்று பாருங்கள். எண்கள் அட்டவணைக்கு ஒத்துவந்தால் மீதி முப்பதைச் சுட்டுவிட்டு, அடுத்த நூறைத் தொடங்கலாம்.